ஷெப்பர்ட்ஸ் பை: உருளைக்கிழங்கு மூடிய இறைச்சி உணவின் வரலாறும் அறிவியலும்

கொத்துக்கறியை வெங்காயம், கேரட் முதலிய காய்களோடும் கெட்டியான சாறோடும் வேகவைத்து, ஆழமான பாத்திரத்தில் பரப்பி, அதன்மேல் மசித்த உருளைக்கிழங்கைக் கனமான போர்வையாகப் பூசி, மேற்பரப்பு பொன்னிறமாகும்வரை ஓவனில் சுட்டெடுக்கும் உணவு பிரித்தானியாவிலும் அயர்லாந்திலும் ஷெப்பர்ட்ஸ் பை எனப்படுகிறது. பை என்பது பொதுவாக மாவு ஓட்டுக்குள் பூரணம் வைத்துச் சுடும் பண்டத்தைக் குறிக்குமாயினும், இவ்வுணவில் மாவு ஓடு இல்லை. பூரணத்தை மூடுவதும், ஆவியை உள்ளே நிறுத்துவதும், மேலே மொறுமொறுப்பைத் தருவதும் உருளைக்கிழங்கின் பணிகளாகின்றன. செம்மறியாட்டு இறைச்சியில் செய்வதை ஷெப்பர்ட்ஸ் பை என்றும், மாட்டிறைச்சியில் செய்வதைக் காட்டேஜ் பை என்றும் இன்று பிரித்துச் சொல்கின்றனர். பத்தொன்பதாம் நூற்றாண்டுச் சமையல் நூல்களிலோ இந்தப் பிரிவினை உறுதியாகக் கடைப்பிடிக்கப்படவில்லை.

இதற்கு வேண்டிய பொருள்கள் எளியவை. செய்முறையில் அரிய கருவி எதுவும் தேவைப்படுவதில்லை. ஆயினும் வீடுகளில் செய்யப்படும் பை பல நேரங்களில் இரண்டு குறைகளில் ஒன்றோடு மேசைக்கு வருகிறது: சாறு தண்ணீராகத் தேங்கி உருளைக்கிழங்கு அதனுள் மூழ்கிவிடுகிறது, அல்லது உருளைக்கிழங்கு பசைபோல் இழுபடுகிறது. இரண்டுக்கும் மூலகாரணம் நீர். கொழுப்பு நீக்கிய இறைச்சியின் எடையில் ஏறத்தாழ முக்கால் பங்கும், உருளைக்கிழங்கின் எடையில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கும் நீராகவே இருப்பதால், எந்த நீரை வெளியேற்றுவது, எந்த நீரைக் கட்டி நிறுத்துவது என்பதை அறிந்து செய்வதே இவ்வுணவின் நுட்பமாகும். ஓவனின் பங்கு கடைசி அரை மணி நேரம் மட்டுமே. பையின் தரம் அதற்கு முன்பே அடுப்பின்மேல் முடிவாகிவிடுகிறது.

மிச்சத்திலிருந்து பிறந்த உணவு

தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலைத்தொடரில் பல்லாயிரம் ஆண்டுகளாகப் பயிரிடப்பட்டுவந்த உருளைக்கிழங்கு, பதினாறாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஸ்பானியர் வழியாக ஐரோப்பாவை அடைந்தது. அங்கே அது நெடுங்காலம் ஐயத்தோடு பார்க்கப்பட்டுப் பதினெட்டாம் நூற்றாண்டில்தான் எளிய மக்களின் அன்றாட உணவாக வேரூன்றியது. பிரான்சில் அந்த ஐயத்தைப் போக்கப் பாடுபட்டவர்களில் முதன்மையானவர் அந்துவான் ஓகுஸ்தான் பார்மந்தியே என்ற மருந்தாளுநர். ஏழாண்டுப் போரில் பிரஷ்யாவில் போர்க்கைதியாக இருந்தபோது உருளைக்கிழங்கை உண்டு பழகிய அவர், நாடு திரும்பியபின் அதை மக்கள் உணவாக்க வாழ்நாளெல்லாம் முயன்றார். கொத்துக்கறியின்மேல் மசித்த உருளைக்கிழங்கைப் பரப்பிச் சுடும் பிரெஞ்சு உணவு இன்றும் அவர் பெயரால் அஷி பார்மந்தியே என்றே வழங்குகிறது.

இங்கிலாந்தில் காட்டேஜ் பை என்ற பெயர், நார்ஃபோக் மாவட்டத்துப் பாதிரியாரான ஜேம்ஸ் வுட்ஃபோர்டு 1791ஆம் ஆண்டு எழுதிய நாட்குறிப்பில் காணப்படுகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெரிதும் பரவியிருந்த மரியா ரண்டெலின் சமையல் நூல், சாண்டர்ஸ் என்ற பெயரில் இதற்கு மிக நெருங்கிய உணவொன்றைச் சொல்கிறது. கொத்திய இறைச்சியைச் சிப்பி ஓடுகளில் முக்கால் பங்கு நிரப்பி, பாலேடு சேர்த்து மசித்த உருளைக்கிழங்கால் மூடி, வெண்ணெய் வைத்து, நெருப்பின்முன் சிவக்கவைப்பது அதன் முறை. ஷெப்பர்ட்ஸ் பை என்ற பெயரோடு அறியப்படும் பழைய செய்முறைகளில் ஒன்று, 1849இல் எடின்பரோவில் வெளியான ஒரு நூலில் இடம்பெற்றது. அதில் சமைத்த இறைச்சி எதுவாயினும் பயன்படுத்தலாம் என்றே சொல்லப்பட்டுள்ளது.

இச்செய்முறைகள் அனைத்திலும் இறைச்சி முன்பே சமைக்கப்பட்டது என்பது கவனிக்கத்தக்கது. ஞாயிற்றுக்கிழமை பெரிய இறைச்சித் துண்டொன்றை வாட்டி உண்பதும், மீந்ததை வாரத் தொடக்கத்தில் வேறு வடிவில் செலவிடுவதும் வசதியுள்ள பிரித்தானிய வீடுகளின் வழக்கமாக இருந்தது. காய்ந்து விறைத்த மிச்சத்தைப் பொடியாகக் கொத்திச் சாற்றில் நனைத்தால் மென்மை திரும்பும்; மேலே உருளைக்கிழங்கைப் போட்டால் கொஞ்சம் இறைச்சி பலருக்குப் போதும். கைப்பிடியைச் சுழற்றி அரைக்கும் இறைச்சி அரைவை இயந்திரம் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வீடுகளுக்குள் வந்தபின் இந்த வேலை இன்னும் எளிதாயிற்று. இரண்டாம் உலகப்போரின்போது 1940 மார்ச்சில் பிரித்தானியாவில் இறைச்சிக்குப் பங்கீடு நடைமுறைக்கு வந்து 1954 ஜூலை வரை நீடித்த காலத்தில், போர் முடியும்வரை பங்கீட்டுக்கு உட்படாதிருந்த உருளைக்கிழங்கை அரசே விளம்பரப்படுத்தியதால், குறைந்த இறைச்சியை நிறைய உருளைக்கிழங்கோடு உண்ணும் இத்தகைய உணவுகள் வீட்டுக்கு வீடு நிலைபெற்றன.

பூரணம்: முதலில் உலர்த்துதல், பின்னர் கெட்டியாக்குதல்

இன்று பெரும்பாலும் பச்சை இறைச்சியைக் கொத்தியே பூரணம் செய்யப்படுகிறது. நான்கைந்து பேருக்கு 500 கிராம் கொத்துக்கறி போதுமானது. அதில் 15 முதல் 20 சதவீதம் கொழுப்பு இருப்பதும், அது தோள்பட்டைப் பகுதியிலிருந்து எடுக்கப்பட்டதாக இருப்பதும் நல்லது. உழைக்கும் தசைப்பகுதியான தோள்பட்டையில் கொலாஜன் என்ற இணைப்புப் புரதம் மிகுந்திருக்கிறது. நீரோடு மெல்லிய சூட்டில் நெடுநேரம் வேகும்போது அது கரைந்து ஜெலட்டினாக மாறி, சாற்றுக்கு வழவழப்பையும் கனத்தையும் தருகிறது. செம்மறியாட்டு இறைச்சிக்கே உரிய வாடை, அதன் கொழுப்பிலுள்ள கிளைத்த கொழுப்பு அமிலங்களிலிருந்து எழுவதால், அவ்வாடையை விரும்பாதவர்கள் வதக்கும்போது உருகி வரும் கொழுப்பில் ஒரு பகுதியை வடித்துவிடலாம்.

இறைச்சியை வதக்குவதில்தான் முதல் நீர்க் கணக்கு எழுகிறது. இறைச்சிக்குப் பழுப்பு நிறத்தையும் வறுத்த மணத்தையும் தருவது மையார் வினை. புரதங்களின் அமினோ அமிலங்களும் சர்க்கரைகளும் வெப்பத்தில் இணைந்து நூற்றுக்கணக்கான மணப்பொருள்களை உண்டாக்கும் இவ்வினைக்கு, 1912இல் அதை விவரித்த பிரெஞ்சு அறிவியலாளர் லூயி காமிய் மையாரின் பெயர் வழங்குகிறது. சமையலறையில் இவ்வினை விரைவாக நிகழ ஏறத்தாழ 140 டிகிரி செல்சியஸ் வெப்பம் வேண்டும். ஆனால் நீர் இருக்கும் இடத்தில் வெப்பநிலை 100 டிகிரியைத் தாண்டுவதில்லை. அரைக் கிலோ இறைச்சி முழுவதையும் ஒரே நேரத்தில் சிறிய வாணலியில் கொட்டினால், வாணலியின் சூடு தணிந்து, இறைச்சியிலிருந்து வெளிவரும் நீர் ஆவியாக வழியின்றித் தேங்கி, இறைச்சி வறுபடாமல் தன் நீரிலேயே சாம்பல் நிறமாக வெந்துவிடும். அகன்ற வாணலியை நன்றாகக் காயவைத்து, இறைச்சியை இரண்டு பங்காகப் பிரித்து, ஒவ்வொரு பங்கையும் பரப்பிவிட்டுச் சில நிமிடங்கள் கிளறாமல் விட்டால், நீர் ஆவியாகி முடிந்து, சலசலப்பு ஓசை மாறி, அடிப்புறம் பழுப்பாகும்.

இறைச்சியை எடுத்துவிட்டு, அதே வாணலியில் பொடியாக அரிந்த பெரிய வெங்காயம் ஒன்றையும், இரண்டு கேரட்டையும், கிடைத்தால் ஒரு தண்டு செலரியையும் மிதமான தீயில் பத்து நிமிடம் வதக்கவேண்டும். பின்னர் ஒரு மேசைக்கரண்டி தக்காளி விழுதைச் சேர்த்து, அதன் பச்சை வாடை போனபின் ஒரு மேசைக்கரண்டி மைதாவைத் தூவிக் கிளறவேண்டும். மைதாவை நேராகச் சாற்றில் போடாமல் முதலில் கொழுப்பில் புரட்டுவதற்குக் காரணம் உண்டு: மாவுத்துகள்கள் ஒவ்வொன்றின்மேலும் கொழுப்பு படிந்தால் அவை ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகாமல், சாற்றில் தனித்தனியே நீரை உறிஞ்சிப் பருத்து, அதைச் சீராகக் கெட்டியாக்கும். அடுத்து 300 மில்லிலிட்டர் இறைச்சிச் சாறு அல்லது எலும்புச் சாற்றை ஊற்றி, வாணலியின் அடியில் படிந்த பழுப்புப் படலத்தைக் கரண்டியால் சுரண்டிக் கரைக்கவேண்டும். வறுத்தலில் உண்டான மணத்தில் பெரும்பகுதி அந்தப் படலத்திலேயே இருக்கிறது.

பிரித்தானியச் சமையலர் இக்கட்டத்தில் ஓரிரு மேசைக்கரண்டி வூஸ்டர் சாஸும், தைம் அல்லது ரோஸ்மேரி இலையும் சேர்ப்பர். இங்கிலாந்தின் வூஸ்டர் நகரில் லீ, பெரின்ஸ் என்ற இரு மருந்துக்கடைக்காரர்கள் 1837இல் விற்பனைக்குக் கொண்டுவந்த இந்தச் சாஸில், உப்பில் ஊறிய நெத்திலி வகை மீன், வினிகர், வெல்லப்பாகு, வெங்காயம், பூண்டு ஆகியவற்றோடு நம் சமையலறைப் புளியும் கலந்திருக்கிறது. மீனிலும் தக்காளி விழுதிலும் உள்ள குளூட்டமேட் என்ற பொருள், 1908இல் ஜப்பானிய வேதியியலாளர் கிகுனே இகேதா உமாமி எனப் பெயரிட்ட சுவையைத் தருகிறது. இறைச்சியில் இயல்பாகவே இருக்கும் இனோசினேட் அதனோடு சேரும்போது அச்சுவை பன்மடங்கு கூடுவதால், சிறிதளவு சாஸே பூரணத்துக்கு ஆழ்ந்த சுவையைக் கொடுத்துவிடுகிறது. கிடைக்காத இடங்களில் சிறிது சோயா சாஸும் ஓரிரு துளி புளிக்கரைசலும் அதன் வேலையை ஓரளவு செய்யும்.

வறுத்த இறைச்சியைத் திரும்பச் சேர்த்து, மெல்லிய தீயில் முப்பது முதல் நாற்பது நிமிடம் கொதிக்கவைக்கையில் கொலாஜன் கரைகிறது, மிகை நீர் வற்றுகிறது. கரண்டியால் வாணலியின் அடியில் ஒரு கோடு இழுத்தால் சாறு உடனே ஓடி வந்து மூடாமல் அக்கோடு ஓரிரு நொடி நிற்கவேண்டும். அதுவே சரியான பக்குவம். பட்டாணி சேர்க்க விரும்புவோர் அதன் பச்சை நிறம் மங்காதிருக்க இறக்கும் நேரத்தில் சேர்ப்பது நல்லது.

உருளைக்கிழங்கு: மாவுச்சத்தை உடைக்காமல் மசித்தல்

உருளைக்கிழங்கின் ஒவ்வொரு செல்லுக்குள்ளும் மாவுச்சத்துத் துகள்கள் அடைந்திருக்கின்றன. செல்களை ஒன்றோடொன்று ஒட்டி வைத்திருப்பது பெக்டின் என்ற பொருள். வேகும்போது ஏறத்தாழ 60 டிகிரிக்கு மேல் மாவுச்சத்துத் துகள்கள் செல்லுக்குள் இருக்கும் நீரை உறிஞ்சிப் பருக்கின்றன. வெப்பம் இன்னும் ஏற ஏறப் பெக்டின் இளகி, செல்கள் ஒன்றிலிருந்து ஒன்று பிரிய ஆயத்தமாகின்றன. நல்ல மசியல் என்பது, செல்கள் உடையாமல் தனித்தனியே பிரிந்த நிலையாகும். செல்கள் கிழிந்தால் உள்ளிருந்த மாவுச்சத்து வெளியேறி எல்லாவற்றையும் பிசினாக ஒட்டிவிடும். மிக்ஸியில் அடித்த உருளைக்கிழங்கு கஞ்சிப்பசை போலாவதற்கு அதன் சுழலும் கத்திகள் செல்களைக் கிழிப்பதே காரணம்.

ஆகவே முதல் முடிவு, எந்த வகைக் கிழங்கு என்பது. மாவுச்சத்து மிகுந்து நீர் குறைந்த கிழங்கு வெந்ததும் பூப்போல் உதிரும். நீர் மிகுந்த கிழங்கு வெந்தபின்னும் வடிவம் குலையாமல் வழுவழுப்பாக நிற்கும். பிரித்தானியாவில் மாரிஸ் பைப்பர், கிங் எட்வர்ட் ஆகியவை முதல் வகைக்குப் பெயர்பெற்றவை. இந்தியாவில் வறுவலுக்கென உருவாக்கப்பட்ட குஃப்ரி சிப்சோனா வகைகள் நீர் குறைந்தவை. தோல் மெலிந்த புதுக்கிழங்குகள் இதற்கு ஏற்றவையல்ல. வகையின் பெயர் தெரியாத சந்தைக் கிழங்கைச் சோதிக்க ஒரு வழி உண்டு: ஒரு கிண்ணம் உப்பைப் பதினொரு கிண்ணம் நீரில் கரைத்து அதில் கிழங்கைப் போட்டால், அடர்த்தி மிகுந்த மாவுக்கிழங்கு மூழ்கும், நீர்க்கிழங்கு மிதக்கும். தோல் பச்சையாக மாறிய கிழங்குகளில் சோலனின் முதலிய நச்சுப்பொருள்கள் கூடியிருக்கக்கூடும் என்பதாலும், அவை வேகவைப்பதால் அழிவதில்லை என்பதாலும், அவற்றை ஒதுக்கிவிடவேண்டும்.

900 கிராம் கிழங்கைத் தோல் சீவி, ஏறத்தாழ ஒரே அளவான துண்டுகளாக்கி, உப்பிட்ட குளிர்ந்த நீரில் போட்டு அடுப்பேற்றவேண்டும். கொதிக்கும் நீரில் நேராகப் போட்டால் வெளிப்புறம் குழைந்து கரையும்போதும் நடுப்பகுதி வேகாதிருக்கும். குளிர்ந்த நீரிலிருந்து தொடங்கினால் உள்ளும் புறமும் சேர்ந்தே சூடேறும். பதினைந்து முதல் இருபது நிமிடத்தில் கத்திமுனை தடையின்றி இறங்கும் பதம் வந்ததும் நீரை முற்றாக வடித்து, கிழங்கை அதே பாத்திரத்தில் மெல்லிய சூட்டில் ஓரிரு நிமிடம் வைத்தால், துண்டுகளின்மேல் ஒட்டியிருக்கும் நீர் ஆவியாகி, விளிம்புகள் வெளுத்து மாவாகத் தோன்றும். பலர் விட்டுவிடும் படி இதுதான். மசியல் பைக்கு ஏற்ற கெட்டித்தன்மை பெறுவது பெரிதும் இதனால்தான்.

சூடு ஆறும் முன் மசித்துவிடவேண்டும். மேலைநாட்டுச் சமையலர் இதற்குத் துளையிட்ட தட்டின் வழியே கிழங்கை அழுத்தி வெளியேற்றும் கருவியைப் பயன்படுத்துவர். தமிழர் வீடுகளிலுள்ள இடியாப்ப உரல் அதே அமைப்பில் இயங்குவதால் அதே வேலையைச் செய்யும். மசித்த கிழங்கில் முதலில் 60 கிராம் வெண்ணெயைக் கலந்து, பின்னரே சூடான பாலைச் சிறிது சிறிதாக, 60 மில்லிலிட்டர் அளவில், சேர்ப்பது வழக்கம். முதலில் படியும் கொழுப்பு, வெளியேறியிருக்கும் மாவுச்சத்து பாலின் நீரோடு சேர்ந்து பசையாவதை ஓரளவு தடுக்கிறது. ஒரு முட்டையின் மஞ்சள் கருவைச் சேர்த்தால், அதன் புரதம் ஓவனில் இறுகி மேற்பரப்புக்கு உறுதியையும் நிறத்தையும் தரும். தட்டில் தனியாகப் பரிமாறும் மசியலைவிட இது சற்று விறைப்பாக இருக்கவேண்டும், ஏனெனில் பூரணத்திலிருந்து எழும் ஆவி அதை மேலும் இளக்கும்.

மசியலின் இந்த இயல்புகளைத் தொழிற்சாலைகளும் பயன்படுத்திக்கொண்டன. 1950களில் அமெரிக்க வேளாண்மைத் துறையின் பிலடெல்பியா ஆய்வகம் உருளைக்கிழங்குச் செதில்களை உருவாக்கியபோது, கிழங்கை முதலில் ஏறத்தாழ 70 டிகிரி நீரில் சிறிது நேரம் வைத்து, குளிரவைத்து, அதன்பின் முழுதாக வேகவைக்கும் முறையைக் கையாண்டது. முதல் சூட்டில் பருத்த மாவுச்சத்து குளிர்ச்சியில் இறுகிவிடுவதால், பின்னர் மசிக்கும்போது அது எளிதில் பசையாவதில்லை. நேரம் உள்ளவர்கள் இம்முறையை வீட்டிலும் செய்து பார்க்கலாம்.

அடுக்குதலும் சுடுதலும்

பூரணத்தை ஏறத்தாழ இரண்டு லிட்டர் கொள்ளும் பாத்திரத்தில் பரப்பியபின் அதைச் சற்று ஆறவிடுவது நல்லது. ஆறும்போது ஜெலட்டினும் மாவும் சாற்றை இறுக்குவதால் மேலே வைக்கும் மசியல் அமிழாது. மசியலை நடுவில் கொட்டிப் பரப்பினால் அதன் எடை சாற்றை ஓரங்களுக்குத் தள்ளும். அதனால் முதலில் பாத்திரத்தின் விளிம்பைச் சுற்றி வைத்து ஒட்டி மூடி, பின்னர் நடுப்பகுதியை நிரப்புவதே முறை. மேற்பரப்பை முள்கரண்டியால் வரிவரியாகக் கீறுவது அழகுக்கு மட்டுமன்று. மேடான வரிகள் விரைவில் உலர்ந்து, மையார் வினைக்கு வேண்டிய வெப்பத்தை முதலில் எட்டிச் சிவக்கின்றன. துருவிய செடார் சீஸைத் தூவுவது விருப்பத்தைப் பொறுத்தது. ரொட்டித்தூளும் சீஸும் சேர்த்து மூடுவது கம்பர்லேண்ட் பை எனப்படுகிறது.

முன்கூட்டியே 200 டிகிரி செல்சியஸுக்குச் சூடேற்றிய ஓவனில் 25 முதல் 30 நிமிடம் சுடவேண்டும். குளிர்பதனப் பெட்டியிலிருந்து எடுத்ததானால் மேலும் பத்துப் பதினைந்து நிமிடம் ஆகும். ஓரங்களில் சாறு குமிழிடுவதும் வரிகளின் முகடுகள் பொன்னிறமாவதும் பக்குவத்தின் அடையாளங்கள். வெளியே எடுத்துப் பத்து நிமிடம் அப்படியே வைத்தால் சாறு மீண்டும் இறுகி, வெட்டும்போது அடுக்குகள் கலையாமல் வரும்.

இறைச்சியைக் கொத்தும்போது அதன் வெளிப்புறத்தில் இருந்த நுண்ணுயிர்கள் உள்ளெங்கும் கலந்துவிடுவதால், கொத்துக்கறி முழுதும் நன்றாக வெந்தாகவேண்டும். நடுப்பகுதி 70 டிகிரியில் இரண்டு நிமிடமாவது இருக்கவேண்டும் என்பது பிரித்தானிய உணவுத் தர முகமையின் அறிவுரை. பெரிய பாத்திரத்தில் மெல்ல ஆறும் இறைச்சிச் சாறு வேறொரு இடரையும் தரும். கிளாஸ்ட்ரிடியம் பெர்ஃப்ரின்ஜென்ஸ் என்ற பாக்டீரியத்தின் வித்துகள் சமையல் சூட்டிலும் பிழைத்து, வெதுவெதுப்பான நிலையில் விரைவாகப் பெருகக்கூடியவை. ஆகவே முதல்நாளே செய்து வைப்பவர்கள் பூரணத்தை ஆழமற்ற பாத்திரத்தில் பரப்பி, ஓரிரு மணி நேரத்துக்குள் குளிர்பதனப் பெட்டியில் வைத்து, மறுநாள் நடுப்பகுதிவரை ஆவி பறக்கச் சூடாக்கவேண்டும். மீந்த பையை இரண்டு நாள்களுக்குள் உண்டுவிடுவதும், ஒருமுறைக்கு மேல் சூடாக்காதிருப்பதும் நல்லது.

இந்த அமைப்பு பிரித்தானியாவோடு நிற்கவில்லை. கனடாவின் கியூபெக் மாநிலத்தில் கொத்துக்கறிக்கும் மசியலுக்கும் நடுவே மக்காச்சோளத்தை வைத்துப் பாத்தே ஷினுவா என்றும், அர்ஜென்டினாவில் வேகவைத்த முட்டை, ஆலிவ் காய் முதலியவற்றைப் பூரணத்தில் சேர்த்துப் பாஸ்டெல் தெ பாப்பா என்றும் இது செய்யப்படுகிறது. இங்கிலாந்திலேயே இறைச்சிக்குப் பதில் மீனும் வெள்ளைச் சாஸும் இட்டு மசியலால் மூடும் ஃபிஷ் பை பரவலாக உள்ளது. இறைச்சி உண்ணாதவர்கள் அதே முறையில் பருப்பையும் காளானையும் பூரணமாக்கலாம். காளானிலும் நீர் மிகுதி என்பதால் அதையும் அகன்ற வாணலியில் நீர் வற்றும்வரை வதக்கியபின்னரே சாறு சேர்க்கவேண்டும். பூரணம் எதுவாயினும் அதைத் தனியே கெட்டியாக்கி, மசியலைத் தனியே உலர்த்தி, இரண்டும் தத்தம் பக்குவத்தை அடைந்தபின்னரே ஒன்றன்மேல் ஒன்றாக வைக்கவேண்டும். இந்த ஒழுங்கைப் பின்பற்றினால் முதன்முறையாகச் செய்பவரும் வெட்டினால் நிற்கும் பையைப் பெறலாம்.